காத்து மேஸ்திரியின் பியட்

எங்கள் மாரிகுப்பத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் ஏசுபாதம் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் யோசிப்பார்கள். காத்து மேஸ்திரி வீடு என்றால் உடனே கை நீளும். தங்கச் சுரங்கம் நடந்த காலத்தில் பூமிக்கு அடியில் எந்த லெவலில் காற்று சரியாக ஓடுகிறது, எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்ப்பதுதான் அவருக்கு வேலை. கீழே பாதையை மறித்துப் பெரிய கதவுகள் போட்டு, காற்றை வேண்டிய பக்கம் திருப்பிவிடுவார்களாம். அந்தக் கதவைத் திறந்தால் காற்று புஸ்ஸென்று ஆளையே இழுக்கும் என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. கல்யாண வீட்டில் பந்தி நடந்தாலும் சாவு வீட்டில் பாடை கட்டினாலும் பேச்சு எப்படியாவது சுற்றிக்கொண்டு அந்தக் கதவில் வந்து நிற்கும். சுரங்கத்தை மூடினார்கள், வேலை போயிற்று, பேர் மட்டும் அவரோடு தங்கிவிட்டது.

நான் எதிர் வீடு. குணசுந்தரி. என் தையல் மிஷின் ஜன்னலோரம் இருக்கிறது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே மேஸ்திரி பெண்டாட்டி ஐடா அக்கா வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்கிற பாக்கியம் எனக்கு உண்டு. யாராவது இதை ஒட்டுக்கேட்பது என்று சொன்னால் சண்டைக்கு வருவேன். எதிர் வீட்டில் ஒரு ஆள் நோயில் கிடக்கும்போது பார்க்காமல் இருப்பதுதான் தப்பு.

வேலை போன பிறகு மேஸ்திரி பல வருஷம் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். அப்போது ஒரு வயதான டாக்டரிடமிருந்து வாங்கியதுதான் அந்த வெள்ளை பியட் கார். வாரம் முழுக்க அது தகரக் கொட்டகையில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அங்கியிலேயே இருக்கும் பாஸ்டருக்கு டாட்டா காட்டிவிட்டு, ஐடா அக்காவை ஏற்றிக்கொண்டு பேத்தமங்கலம் ஏரிக்குப் போவார். ஏரிக்கரையில் மீன் வறுத்துத் தருகிற ஒரு அம்மா உண்டு. இரண்டு பேரும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து தின்றுவிட்டு, கை நாற்றத்தோடு திரும்பி வருவார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் இப்படியா என்று எனக்குப் பொறாமையாக இருக்கும். என் வீட்டுக்காரர் என்னை ரயிலடி வரைக்கும்கூட கூட்டிப் போனதில்லை.

நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு ஆனி மாதம், காலையில் குளிக்கப் போன மேஸ்திரி அங்கேயே விழுந்தார். வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. லைன் ஆம்பிளைகள் ஈரத்துணியோடு தூக்கிவந்து ஆட்டோவில் திணித்தார்கள். கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். இடுப்பில் துணி நிற்கவில்லை. குழந்தை குட்டி எல்லாம் வேடிக்கை பார்த்தது. ஐடா அக்கா தன் முந்தானையை எடுத்து மூடினாள். அவருக்கு அப்போது நினைவு இருந்தது, அதுதான் கொடுமை. எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த ஆள் அதற்குப் பிறகு வாசற்படி தாண்டவில்லை. உள்ளே நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்துக் கொஞ்சம் நடப்பார். வெளியே என்றால் மாட்டார். கோயிலில் கொடுக்கிற திருவிருந்தைக்கூட பாஸ்டர்தான் இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பேச்சில் நாலைந்து சொல் மட்டும் மிச்சம் இருந்தது, அதுவும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மற்றதற்கெல்லாம் தட்டுதான். இடது கை மோதிரத்தால் இரும்புக் கட்டிலில் தட்டுவார். சுரங்கத்தில் ஆட்கள் போகிற இரும்புக் கூண்டை, கேஜை, ஏற்றி இறக்க மணியடிப்பார்களே, அந்தக் கணக்கு. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறுகிறது. ஐடா அக்கா கஞ்சி ஊட்டும்போது ஒன்று தட்டினால் போதும் என்று அர்த்தம். இரண்டு தட்டினால் படுக்க வைக்க வேண்டும். மூன்று தட்டினால் தூக்கி உட்கார வைக்க வேண்டும். சுரங்கத்துக்காரன் பெண்டாட்டிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. என் ஜன்னல் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கும்.

இப்படி இருக்கும்போதுதான் மகள் ஈவ்லின் பிரசவத்துக்கு வந்தாள். அவள் புருஷன் ஓமனில் இருக்கிறான். பெண் குழந்தை பிறந்தது. டிசம்பர் முதல் ஞாயிறு ஞானஸ்நானம் என்று பாஸ்டர் நாள் குறித்துக் கொடுத்தார். குழந்தையைத் தகப்பன் மடியில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை நீங்க கோயிலுக்கு வரணும் டாடி என்று ஈவ்லின் கேட்டாள். வீட்டுக்கே பாஸ்டரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல டாக்ஸி, ஏசி போட்டது, வாசலிலேயே வந்து நிற்கும் என்றாள். மேஸ்திரி கட்டிலில் ஒரு தட்டு தட்டினார். வேண்டாம்.

அவள் அழுதாள். குழந்தையும் அழுதது. நான் கொண்டுபோன இஞ்சி டீ ஆறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி குழந்தையையே பார்த்திருந்துவிட்டு, வாயைக் கோணி, தொண்டையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார் ஒரு சொல்லை.

"பியட்டு."

எங்களுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னார். ஐடா அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். "நம்ம வண்டின்னா வர்றீங்களா? மெய்யாலுமா?" என்று கேட்டாள். மூன்று தட்டு விழுந்தது.

அன்றைக்கே ஆண்டர்சன்பேட்டைக்கு ஆள் போய் மெக்கானிக் நாகேஷைக் கூட்டிவந்தது. நாகேஷ் வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களோடு தமிழ், வண்டியோடு மட்டும் கெட்ட வார்த்தை. காதில் பற்ற வைக்காத ஒரு பீடி செருகியிருக்கும். பெட்ரோல் வேலை முடிந்த பிறகுதான் அதைப் பற்ற வைப்பான். அவர் விழுந்த நாளிலிருந்து நிற்கிற வண்டி ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓட வேண்டும், மேஸ்திரி நாலு வருஷம் கழித்து வெளியே வருகிறார் என்று விஷயத்தைச் சொன்னதும், விளையாட்டுப் பேச்சை விட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போனான்.

போனவன் உடனே சிரித்துக்கொண்டே கூப்பிட்டான். வண்டியின் கதவு இடுக்கு, பானட் இடுக்கு, டேங்க் மூடியைச் சுற்றிலும் எல்லாம் துணி சோப்பு பூசிக் கல்லாகக் காய்ந்திருந்தது. இது எங்கள் ஊர்ப் பழக்கம். ஆடிக் காற்று அடித்தால், தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைட் மேட்டிலிருந்து வெள்ளைத் தூள் கிளம்பும். கஞ்சியில் விழும், கண்ணில் விழும், மூடி வைத்த பெட்டிக்குள்கூடப் போய் உட்காரும். அதனால் காற்று துவங்கும் முன்பே சோப்பைத் தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்து, ஜன்னல் இடுக்கு, ஓட்டுச் சந்து எல்லாவற்றையும் அடைப்போம். ஐடா அக்கா வண்டிக்கும் அதைச் செய்திருந்தாள்.

"வண்டிக்கு சோப்பு போட்டுட்டு தண்ணி ஊத்த மறந்துட்டியா அக்கா?" என்றான் நாகேஷ்.

டேங்க் மூடியைச் சுற்றி ஸ்குரூடிரைவரால் சுரண்டித் திறந்தான். மூக்கை வைத்தவன் பின்னால் நகர்ந்தான். பழைய பெட்ரோல் பெயின்ட் கடை வாடை அடித்தது. அடியிலிருக்கிற திருகைக் கழற்றி டப்பாவில் பிடித்தால் கருப்பட்டிப் பாகு நிறத்தில் வந்தது, கூடவே துருத் துகள். இப்போதெல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது, நின்றால் தண்ணீரை இழுக்கும், ரப்பரைத் தின்னும், தகரத்தைத் துரு பிடிக்க வைக்கும் என்று அவன் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தான். அவசரப்பட்டு இப்படியே சாவி போட்டிருந்தால் இந்தக் கசடு எல்லாம் என்ஜின் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்றான். டேங்கிலிருந்து துவங்கி ஒவ்வொன்றாகச் சுத்தம் பண்ணிக்கொண்டு முன்னால் போக வேண்டும், வேறு வழியில்லை.

டேங்கைக் கழற்றி வெளியே வைத்தான். உள்ளே கொஞ்சம் பொடி ஜல்லியும் பெட்ரோலும் ஊற்றி வாயை அடைத்து, ஆட்டச் சொன்னான். நானும் ஐடா அக்காவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஆட்டினோம். பனி விலகாத காலை. விரல் விறைத்தது. உள்ளே ஜல்லி கலகலவென்று உருண்டது. வீட்டுக்குள் ஈவ்லின் புடவைத் தூளியில் குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வெளியே நாங்கள் டேங்கை ஆட்டினோம். ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மேஸ்திரியை உட்கார வைத்திருந்தோம். அவர் எங்களைப் பார்த்தார், தூளியைப் பார்த்தார். உதட்டோரம் என்னவோ அசைந்தது. ஆட்டிக் கொட்டினால் துரு வரும், மறுபடி ஊற்றி ஆட்டுவோம். தெளிவாக வருகிற வரைக்கும் ஆட்டினோம். மத்தியானம் களி கிண்டும்போது ஐடா அக்காவுக்குத் துடுப்பைப் பிடிக்கக் கை வரவில்லை. நான் போய்க் கிண்டிக் கொடுத்தேன்.

மறுநாள் ரப்பர்க் குழாய்கள். வளைத்தாலே வெடித்தன, எல்லாவற்றையும் மாற்றினான். பெட்ரோல் பம்புக்குள் இருக்கிற ஜவ்வு அப்பளமாக விறைத்திருந்தது, புதிது போட்டான். புது வடிகட்டி போட்டான். கார்பரேட்டரைக் கழற்றி ஐடா அக்காவின் முறத்தில் பரப்பினான். உள்ளே பெட்ரோல் வற்றிப் பிசினாக ஒட்டிக்கிடந்தது. கழுவி, பெட்ரோல் பாய்கிற ஊசித்துளை போலிருந்த ஜெட்டுகளில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, ஒவ்வொன்றையும் வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பார்த்தான். கம்பி விட்டுக் குத்தலாமே என்று நான் யோசனை சொன்னேன். துளை பெரிதாகிவிடும், உன் ஊசியை உன் ஜாக்கெட்டோடு வைத்துக்கொள் என்றான்.

டேங்க் வெயிலில் காய்ந்துகொண்டிருந்ததால், முதலில் அது இல்லாமலே என்ஜினைப் பார்த்துவிடலாம் என்று ஒரு பழைய குளுக்கோஸ் பாட்டிலின் தலையைத் திறந்து பெட்ரோல் ஊற்றிக் கொட்டகைக் கம்பத்தில் தொங்கவிட்டான். அதிலிருந்து குழாய் நேரே கார்பரேட்டருக்கு. ஐடா அக்கா அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் முகம் மாறி உள்ளே போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு பாட்டிலுக்குக் கீழேதான் அவள் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். புது பேட்டரி மாட்டிச் சாவி போட்டதும் வண்டி இருமியது, புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. நின்ற இடத்திலேயே வெகுநேரம் ஓடியது. லைன் முழுக்க வெளியே வந்துவிட்டது. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஐடா அக்கா திரும்ப வந்து, வண்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நாகேஷ் பீடியைக் காதிலிருந்து எடுத்துத் தெருவுக்குப் போய்ப் பற்ற வைத்தான்.

சந்தோஷம் அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை டேங்கை மாட்டி, புது பெட்ரோல் ஊற்றி, ஈவ்லின் ஸ்டியரிங்கில் உட்கார, நாகேஷ் பக்கத்தில் உட்கார, வண்டி லைனை விட்டு ஜம்மென்று போயிற்று. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் திணறி நின்றுவிட்டது. ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெட்ரோல் இருக்கிறதா என்று நாகேஷ் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான். நிறைய இருந்தது. மூடியைப் போட்டுச் சாவி திருப்பினால் வண்டி ஒன்றும் தெரியாத பிள்ளையாகக் கிளம்பியது. மறுபடி போனார்கள். மறுபடி அதே தொட்டிப் பக்கம் நின்றது. பாட்டிலில் ஓடிய வண்டி டேங்கில் ஏன் ஓடவில்லை என்று நாகேஷுக்குப் புரியவில்லை. குழாயில் எங்கோ அடைப்பு என்று எல்லாவற்றையும் கழற்றி ஊதினான். பம்ப்பை மறுபடி பிரித்தான். அதுவரை வண்டியோடு மட்டும் பேசிய வார்த்தைகளை இப்போது பொதுவாகப் பேசினான். இருட்டும் வரைக்கும் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான்.

சனிக்கிழமை காலையும் அதே கதைதான். இந்தத் தடவை தொட்டி வரைக்கும்கூடப் போகவில்லை. பாதி வழியில் இது நின்றால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மறுபடி நாலு பேர் வந்து மேஸ்திரியைத் தூக்க வேண்டியிருக்கும், தெரு பார்க்கும். அப்படி ஒன்று நடந்தால் அந்த மனுஷன் அதற்குப் பிறகு கட்டிலைவிட்டே இறங்க மாட்டார். ஈவ்லின் வண்டியிலிருந்து இறங்கிவந்து தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்ஸி சொல்லிவிடுகிறேன் டாடி, எனக்காக வாங்க என்று மறுபடி கெஞ்சினாள். ஒரு தட்டு. அவள் கையைப் பிடித்துக்கொண்டே தட்டினார், அது ஒன்றுதான் ஆறுதல்.

ஐடா அக்காவுக்கு அப்போதுதான் உடைந்தது. நாலு வருஷமாக அவள் அழுது நான் பார்த்ததில்லை. மூத்திரத்துணி மாற்றும்போதும் இல்லை, ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடும்போதும் இல்லை. வாசலில் நின்று என்னிடம்தான் சொன்னாள்.

"எல்லாரும் சொன்னாங்க குணா, வண்டிய வித்துடு, எடத்த அடைச்சிகினு கீதுன்னு. நான்தான் கேக்கல. எழுந்து வந்து சாவி எங்கன்னு கேப்பாருன்னு நெனச்சிகினு இருந்தேன். அவருக்காக வெச்சேன். அதே வண்டி இப்ப அவர வெளிய வரவுடாம பண்ணுது."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவளிடம் பெட்ரோலும் பூண்டும் சேர்ந்து மணந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பூண்டு உரித்துக்கொண்டே இடையிடையே வண்டிக்கு வந்து போனவள்.

சாயங்காலம் நாகேஷ் கடைசியாக ஒரு தடவை லைனைச் சுற்றிவந்து, செத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, ஜன்னலுக்கு நேரே நிறுத்தினான். கொட்டகை வரைக்கும் தள்ளக் கையில் தெம்பில்லை. நான் கொடுத்த டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பழக்கத்தில் டேங்க் மூடியைத் திருகினான்.

புஸ்.

எங்கள் காதில் அது விழவே இல்லை. விழுந்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டோம். உள்ளேயிருந்து தட்டு கேட்டது. ஒன்று. இடைவெளி விட்டு மறுபடி ஒன்று. மறுபடி, மறுபடி. ஐடா அக்கா பூண்டைப் போட்டுவிட்டு, பாத்ரூம் போகணுமா என்று கேட்டுக்கொண்டே ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். மேஸ்திரி இடது கையை ஜன்னல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"காத்து," என்றார்.

பனி இறங்குகிற நேரம், குளிர்கிறது போல என்று ஐடா அக்கா ஜன்னலைச் சாத்தினாள். மேஸ்திரிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. மோதிரம் தெறித்துவிடும் போல அடித்தார். ஜன்னலைத் திறந்தாள். போர்வையை எடுத்தாள். அதையும் தள்ளிவிட்டார். குழந்தைக்குக் குளிருமோ என்று நான் கேட்டேன், என்னை முறைத்தார். பேச முடியாத ஒருவரைச் சுற்றிப் பேசத் தெரிந்தவர்கள் நின்றுகொண்டு ஆளுக்கு ஒரு தப்பு பண்ணினோம்.

"காத்து... கதவு. புஸ்ஸு," என்றார் அவர்.

ஈவ்லின் போய்க் கார்க் கதவைத் திறந்து மூடினாள். இல்லை என்று தலையாட்டினார். ஐடா அக்கா மட்டும் அசையாமல் நின்றாள். அந்தச் சுரங்கக் கதவுக் கதையை எங்களைவிட நூறு மடங்கு அதிகமாகக் கேட்டவள் அவள்தானே. ஜன்னல் வழியாக நாகேஷ் கையிலிருந்த மூடியைப் பார்த்தாள்.

"நாகேசு, அந்த மூடிய இங்க குடு," என்றாள்.

வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியின் நடுவில், துருவுக்கும் தூசிக்கும் இடையில், வெள்ளையாக ஒரு புள்ளி. கடுகு அளவுகூட இல்லை.

"இங்க ஒரு ஓட்ட இருந்துச்சு. தூசி எறங்குமேன்னு நான்தான் சோப்ப வெச்சி அடைச்சேன்," என்றாள்.

நாகேஷ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்கு வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். அதற்கு இருக்கிற வழி அந்த ஒரு ஓட்டைதான். அது அடைந்துபோனால் கொஞ்ச தூரத்தில் டேங்க் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், பெட்ரோல் வராது. ஒவ்வொரு தடவையும் அவன் மூடியைத் திறந்து பார்த்தபோது காற்று புஸ்ஸென்று உள்ளே போனது, வண்டி கிளம்பியது. அந்தச் சத்தத்தைத்தான் மேஸ்திரியின் காது பிடித்திருக்கிறது. தலை திறந்த பாட்டிலில் ஓடியதும் அதனால்தான். "ரெண்டு நாளா நானே தொறந்து தொறந்து காத்து குடுத்துகினு இருந்திருக்கேன் அக்கா, எனக்குத் தெரியல," என்றான்.

ஐடா அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு புருஷன் எதிரில் போய்க் குந்தினாள். திட்டு வாங்கப் போகிற பிள்ளை போல இருந்தாள்.

"நீங்க எழுந்து வந்து ஓட்டும்போது சுத்தமா இருக்கணும்னுதாங்க அடைச்சேன். அந்த ஓட்ட இன்னாத்துக்குன்னு எனக்குத் தெரியாது."

மேஸ்திரி மூடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவர் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. நான் பயந்தேவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறார். ஒரு பக்கம் மட்டும் விரிகிற சிரிப்பு, கோணல் சிரிப்பு. கண்ணில் நீர் வழிய, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தார். நாலு வருஷத்தில் முதல் சிரிப்பு. சுரங்கம் பூராவுக்கும் காற்றுக்கு வழி பார்த்தவர் வீட்டில், காற்றுக்கு வழியை அடைத்தவள் அவர் பெண்டாட்டி. முதலில் ஐடா அக்காவுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. பிறகு அவளும் அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். அழுதாளோ என்னவோ, முதுகைப் பார்த்து எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் மேஸ்திரி இடது கையை என் பக்கம் நீட்டி, விரலால் தைப்பது போலக் காட்டினார். நான் ஓடிப்போய் மிஷின் ஊசி ஒன்றைக் கொண்டுவந்தேன். நாகேஷ், கொடுங்க அண்ணே, நான் குத்துறேன் என்று கை நீட்டினான். மேஸ்திரி நாற்காலிக் கையில் ஒரு தட்டு தட்டினார். நாகேஷ் கையை எடுத்துக்கொண்டான்.

மூடியை மடியில் வைத்து, ஓடாத வலது கையை அதன்மேல் தூக்கிப் போட்டு, நழுவாமல் அழுத்திக்கொண்டார். பழகாத இடது கையில் ஊசி. வழுக்கியது, கீழே விழுந்தது, நான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது. கல்லாகிவிட்ட சோப்பு துளித்துளியாக உதிர்ந்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. கடைசியில் மூடியை உதட்டில் வைத்து ஊதினார். அந்தப் பக்கம் விரல் வைத்திருந்த ஐடா அக்கா, வருதுங்க என்றாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஈவ்லின் வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சுரங்கப் பகுதியான பாலகாட் வரைக்கும் போய்விட்டு நிற்காமல் திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை லைனில் ஒருவரும் வாசலில் இல்லை. நான்தான் வீடு வீடாகப் போய், எட்டிப் பார்த்தீர்கள் என்றால் பிரியாணி கிடையாது என்று மிரட்டிவிட்டு வந்திருந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாரும் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், தலைக்கு எண்ணெய். மேஸ்திரி ஊன்றுகோலோடு வாசற்படிக்கு வந்து நின்றார். ஐடா அக்கா ஒரு கை அளவு தள்ளி நின்றாள், தொடவில்லை. வெகுநேரம் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நல்ல காலை எடுத்து வெளியே வைத்தார். அடுத்த காலை இழுத்துக்கொண்டார். வண்டி வரைக்கும் அவரே நடந்தார். முன் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சைகை காட்டி, இடது கையை நீட்டி டேஷ்போர்டில் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆள் ஏறியாயிற்று. பின்னால் ஐடா அக்கா மடியில் குழந்தை. ஈவ்லின் வண்டியை எடுத்தாள். வண்டியின் அந்த வெள்ளைப் புட்டம் தொட்டியைத் தாண்டிப் போகிற வரைக்கும் நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே நின்றேன். அவர்கள் சாமியையும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

நான் கோயிலுக்குப் போகவில்லை. தம் போட்ட சட்டிக்கு ஆள் வேண்டுமே. மூடிமேல் நெருப்பைப் பரப்பிவிட்டு அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். நாகேஷும் குளித்துச் சட்டை மாற்றி வந்து, அடுப்பிலேயே பீடி பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நேரம் போயிற்று. வாசனை வர ஆரம்பித்தது. லைன் ஆட்கள் ஒவ்வொருவராகத் தட்டோடு எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் ரோடு பக்கமே காது.

வண்டி வந்தது. தொட்டியைத் தாண்டி, திணறாமல், முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த மாதிரியே வந்தது. நான் எழுந்து தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தேன். வீட்டுக்கு முன்னால் வந்ததும் ஈவ்லின் வேகத்தைக் குறைத்தாள். திரும்பித் தகப்பன் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இடது கை ஜன்னல் விளிம்பில் இருந்தது, மோதிரம் வெயிலில் தெரிந்தது.

நிறுத்தச் சொல்கிற அந்த ஒரு தட்டுக்காக எல்லாரும் காத்திருந்தோம். அந்தக் கை அசையவில்லை.

வண்டி நிற்காமல் எங்களைத் தாண்டிப் பேத்தமங்கலம் ஏரிக்குப் போகிற ரோட்டில் திரும்பியது. பின் ஜன்னலிலிருந்து ஐடா அக்காவின் கை மட்டும் வெளியே வந்து, சாப்பிடுங்க, எங்களுக்காகக் காத்திருக்காதீங்க என்று ஆட்டிக்கொண்டே போயிற்று.